வரிச் சலுகை கொடுத்தும் வளரும் நாடுகள் உலக வணிகத்தில் ஏன் பின்தங்குகின்றன?

தேர்வுக்குப் படிப்பவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வளரும் நாடுகளுக்குத் தனிச் சலுகை தர 1979இல் காட் என்ற உலக வணிக உடன்பாடு வழிவிட்டது, 1995இல் உலக வர்த்தக அமைப்பு வந்தது என்று பாடத்தில் இருக்கும். சரிதான். ஆனால் சலுகை ஏட்டில் இருப்பது வேறு, கைக்கு வந்து சேர்வது வேறு.

நான் ஆயத்த ஆடை ஏற்றுமதியில் டாக்குமெண்டேஷன் பார்த்தவன். இது 2011க்கு முன் நடந்தது. ஐரோப்பாவுக்கு ஆண்கள் சட்டை போனது. வளரும் நாட்டுச் சரக்குக்கு இறக்குமதி வரியைக் குறைக்கும் ஜிஎஸ்பி சலுகையைக் கேட்க, சரக்கு எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் 'ஃபார்ம் ஏ' என்ற தோற்றச் சான்று அப்போது வேண்டியிருந்தது. அதில் எட்டாவது கட்டம்தான் உயிர். சரக்கு முழுக்க உள்நாட்டில் உருவானதா, வெளிநாட்டுப் பொருளை வைத்துச் செய்ததா என்று ஒற்றை எழுத்தில் சொல்லவேண்டியிருந்தது. வெளிநாட்டுப் பொருளை வைத்து இங்கே போதிய அளவு வேலை செய்தது என்பதற்கான 'டபிள்யூ' போட்டு, பக்கத்தில் 62.05 என்று சட்டைக்கான எண்ணை எழுதினேன். வெட்டியது, தைத்தது, பட்டன் வைத்தது, இஸ்திரி போட்டது எல்லாம் எங்கள் ஆட்கள். துணி மட்டும் இறக்குமதி.

சில மாதம் கழித்துச் சரிபார்ப்புக் கடிதம் வந்தது. துணியின் பில்லைக் கேட்டார்கள். நூலை வாங்கி இங்கேயே நெய்திருந்தால்தான் அது நம் நாட்டுச் சட்டையாம், தைத்தது கணக்கில் வராது. சலுகை போயிற்று. பையர் முழு வரியையும் கட்டிவிட்டு எங்கள் பில்லில் கழித்துக்கொண்டார்.

மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு 2001 முதலே ஆயுதம் தவிர ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஐரோப்பிய ஒன்றியம் வரியை நீக்கியிருந்தது. ஆனாலும் வெளிநாட்டுத் துணியில் தைத்த வங்கதேசச் சட்டைகள் பல இதே விதியில் மாட்டிக்கொண்டன. 2011இல்தான் அந்த நாடுகளுக்கு மட்டும் 'தைத்தால் போதும்' என்று தளர்த்தினார்கள். தையல் அதேதான். மாறியது விதி.

தோற்ற விதியே வேண்டாம் என்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். அது இல்லாவிட்டால் வேறு நாட்டுச் சரக்கு லேபிள் மாற்றிக்கொண்டு உள்ளே புகுந்துவிடும். நெசவாலை இல்லாத நாட்டிடம் நெய்து வா என்பதுதான் அநியாயம். ஒரு சிறு நிறுவனம் இத்தனை பில்லையும் ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைப்பதைவிட முழு வரியே மேல் என்று ஒதுங்கிவிடும்.

எங்கள் ஆபீஸில் அந்த நஷ்டம் என் தலையில் விழுந்தது. அந்த வருட இன்கிரிமென்ட் நின்றது. துணி ஆர்டர் போட்ட மெர்ச்சண்டைசரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சான்றை டைப் செய்கிறவனைத் துணி வாங்கும் மீட்டிங்குக்கு யார் கூப்பிடுகிறார்கள்?