மினிக்காய் கலங்கரை விளக்கம்: சென்னைத் துறைமுகத்தில் ஏற முடியுமா?

தண்டையார்பேட்டை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பாவுக்கு லட்சத்தீவின் மினிக்காய் கலங்கரை விளக்கத்தைப் பார்க்க ஆசை. அந்தமானுக்குப் போவது மாதிரி இங்கேயே கப்பல் ஏறலாமா? உச்சிக்கு ஏற விடுவார்களா?"

இங்கே ஏற முடியாதுங்க, கொச்சிக்குத்தான் போகணும். ஆனால் ரயில் டிக்கெட்டுக்கு அவசரப்படாதீர்கள், முதல் வேலை பெர்மிட். அது இல்லாமல் லட்சத்தீவுக்குள் நுழையவே முடியாது. தெரிந்தவர் யாரும் தீவில் இல்லையென்றால் லட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலா பேக்கேஜில் போவதுதான் சுலபம், பெர்மிட்டும் அதோடு வந்துவிடும். பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பயணத்தில் மினிக்காய் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள், எல்லாக் கப்பலும் அங்கே போவதில்லை.

ஏன் அவ்வளவு தூரத்தில் ஒரு விளக்கு? 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு ஏடனில் இருந்து கொழும்பு, சிங்கப்பூர் போகும் கப்பல்கள் இந்த வழியில் பெருகின. மினிக்காயோ தனியாகக் கிடக்கிற தட்டையான தீவு, வடக்கே ஒன்பது டிகிரி கால்வாய், தெற்கே எட்டு டிகிரி கால்வாய் (பெயர்தான் கால்வாய், இரண்டும் அகலமான கடல்வழிகள்), சுற்றிலும் பவளப்பாறை. பகலிலேயே கிட்டப் போனால்தான் தென்னை உச்சி தெரியும், ராத்திரியில் கேட்கவே வேண்டாம், பாறையில் மோதி உடைந்த கப்பல்கள் பல. அதனால்தான் பிரிட்டிஷார் செங்கல்லில் இந்தக் கோபுரத்தைக் கட்டி 1885-ல் விளக்கேற்றினார்கள். நம்ம ஐகோர்ட் கோபுரத்து உச்சியில் விளக்கு வந்ததே 1894-ல்தான், அப்பாவிடம் சொல்லுங்கள், ரசிப்பார். இன்னொன்று, 1947-க்குப் பிறகும் இது பிரிட்டிஷார் கையிலேயே இருந்து 1956-ல்தான் இந்தியாவிடம் வந்தது. எனக்கு இந்த விளக்கின் கதையிலேயே பிடித்த இடம் இதுதான்.

உச்சிக்கு ஏறலாம், பார்வை நேரத்தை மட்டும் தீவில் இறங்கியதும் விசாரித்துவிடுங்கள். மெரினாவில் இருப்பது போல லிஃப்ட் கிடையாது, உள்ளே சுற்றிச் சுற்றிப் படிக்கட்டுதான். முழங்கால் வலி இருந்தால் அப்பா கீழேயே உட்காரட்டும், வற்புறுத்தாதீர்கள். ஏற முடிந்தால் ஒரு பக்கம் வெளிர்பச்சைக் காயல், வெள்ளை நுரையாகத் தெரியும் பாறை விளிம்பு, அதைத் தாண்டியதும் கருநீலக் கடல் என்று ஒரே பார்வையில் தெரியும். கப்பல்கள் எதற்குப் பயந்தன என்று யாரும் சொல்லாமலே புரிந்துவிடும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டாம், பருவக்காற்றில் கடல் மோசமாக இருக்கும். அப்புறம், திரும்பும் ரயிலைக் கப்பல் வந்துசேரும் அன்றைக்கே போடாதீர்கள், வானிலையால் கப்பல் தாமதமாகலாம், கொச்சியில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.