மூன்றரை கிலோ மல்லி

வணக்கம் சார்,

திருப்பரங்குன்றத்திலிருந்து எழுதுகிறேன். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. கமாண்ட் லைனில் நிரலின் பெயருக்குப் பின் வரும் ஆர்குமெண்டுகளைப் படிக்க, பிழைச் செய்தி காட்ட, பட்டியலை நேர்நேரான பத்திகளாக (காலம்) அச்சிட என்று சி மொழியில் பன்னிரண்டு சின்ன ஃபங்ஷன்கள் எழுதி ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன். அதை இணைத்துள்ளேன். ஆப்ஷன்களைப் பிரித்துப் படிக்கும் கெட்ஆப்ட் இருக்கும்போது இது எதற்கு என்கிறார்கள் நண்பர்கள். பைத்தானில் இரண்டு வரி என்கிறார் ஆசிரியர். தமிழ்ப் பெயர்கள் வந்தால் பத்திகள் கோணலாகின்றன. நான் செய்வது வீண் வேலையா?

அன்புள்ள தம்பிக்கு,

வீண் வேலை இல்லை. சி-யில் பிழைக்கிறவர்கள் பலரிடம் இப்படி ஒரு கோப்பு இருக்கும். என்னுடையதற்குப் பெயர் 'சாமான்.சி'.

கெட்ஆப்ட் கிடைக்கிற இடத்தில் அதையே பயன்படுத்துங்கள். வெறும் இரண்டு கோடு வந்தால் ஆப்ஷன்கள் முடிந்தன என்று பொருள். அது அதற்குத் தெரியும், உங்கள் ஃபங்ஷனுக்குத் தெரியவில்லை. பைத்தான் விஷயத்தில் ஆசிரியரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். பத்தி கோணுவதற்குக் காரணம், சி-யில் அச்சிடும் ஃபங்ஷனான பிரிண்ட்எஃப் எழுத்தை எண்ணுவதில்லை, பைட்டை எண்ணுகிறது. 'மல்லி' யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் 15 பைட். 20 இடம் கேட்டால் ஐந்து வெற்றிடம்தான் போடும். அதைத் தனியாகப் பேசுவோம்.

உங்கள் நாலாவது ஃபங்ஷனைப் பார்த்ததும்தான் எனக்குச் சுர்ரென்று ஏறியது. 'எண்_எடு' என்று அழகாகப் பெயர் வைத்துவிட்டு, உள்ளே ஒரே வரி: எழுத்துத் தொடரை எண்ணாக்கும் ஏடூஐ. இதற்கு ஒரு ஃபங்ஷன் வேறா?

ஏடூஐ என்ன செய்யும்? இலக்கம் வந்துகொண்டிருக்கும்வரை படிக்கும், வேறு எதைக் கண்டாலும் வாயை மூடிக்கொண்டு நின்றுவிடும். '12அ' கொடுத்தால் 12. 'பத்து' என்று கொடுத்தால் 0. நிஜமாகவே 0 கொடுத்தாலும் 0. எது எது என்று உங்களுக்குத் தெரியாது. இன்ட் என்ற முழு எண் வகையில் அடங்காத பெரிய எண்ணைக் கொடுத்தால் என்ன வரும் என்பதற்கு சி தரநிலையே பொறுப்பேற்காது.

தொண்ணூறுகளில் மதுரையில் ஒரு பூக்கடை கமிஷன் மண்டிக்கு டர்போ சி-யில் பில் நிரல் எழுதிக் கொடுத்தேன். கணக்குப்பிள்ளை டாஸ் திரையில் 'பில்' என்று அடித்து, விவசாயி எண், எடை, விலை என்று மூன்றையும் வரிசையாகக் கொடுப்பார். சீட்டு வரும். சீட்டில் எடையை அச்சிடவில்லை, தொகை மட்டும்தான். காகிதம் மிச்சம் பிடிக்கிற புத்தி. சோதித்தபோது முழுக் கிலோவாகவே கொடுத்துப் பார்த்திருந்தேன்.

மார்கழி. பூ வரத்துக் குறைவு, விலை கிலோ 180. விடியுமுன் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஈரச் சாக்கில் மல்லி கொண்டுவந்த ஒரு அம்மா, சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு நகரவில்லை. எடை மூன்றரை. கமிஷன் கழிக்கும் முன் 630 வரவேண்டும். 540 என்று இருந்தது. கணக்குப்பிள்ளை, "கம்ப்யூட்டர் போட்டதும்மா" என்றார். அந்த அம்மா, "கம்ப்யூட்டரா வந்து பூப் பறிச்சுச்சு?" என்று கேட்டார்.

எனக்கு ஆள் அனுப்பினார்கள். 3.5 உள்ளே போகிறது, புள்ளியைக் கண்டதும் ஏடூஐ நின்றுவிடுகிறது, 3 வெளியே வருகிறது. எங்கும் ஒரு முணுமுணுப்புக் கிடையாது. பதினோரு நாள் அப்படியே ஓடியிருக்கிறது. அரை, கால் என்று வந்த பூவெல்லாம் யாருடைய கணக்கிலும் இல்லை. எடை நோட்டை வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் பாக்கி எழுதினேன். பெரும்பாலானவர்கள் வந்து வாங்கிக்கொண்டார்கள். நாலைந்து பேர் வேறு மண்டிக்குப் போய்விட்டிருந்தார்கள்.

இத்தனைக்கும் புள்ளி வைத்த எண்ணையும் படிக்கும் ஸ்டர்-டு-டி அப்போதே டர்போ சி-யில் இருந்தது. 1989 தரநிலையிலும் உண்டு. எண்ணைத் தருவதோடு, எந்த இடத்தில் படிப்பதை நிறுத்தினேன் என்று இரண்டாவது ஆர்குமெண்டில் சொல்லிவிடும். நின்ற இடம் தொடக்கமாகவே இருந்தால் எண்ணே இல்லை. சரத்தின், அதாவது எழுத்துத் தொடரின், முடிவாக இல்லாவிட்டால் பின்னால் குப்பை ஒட்டியிருக்கிறது. கூப்பிடும் முன் பிழை எண் வைக்கும் எர்நோவை 0 ஆக்கி, பிறகு பாருங்கள். எல்லை மீறியதும் தெரியும். முழு எண்ணுக்கு இதன் தம்பி ஸ்டர்-டு-எல் இருக்கிறது. மொத்தம் ஆறேழு வரி. இதற்குத்தான் ஃபங்ஷன் வேண்டும்.

அப்புறம், பிழைச் செய்தியை பிரிண்ட்எஃப்பில் எழுதிவிட்டு எக்ஸிட் 0 என்று கிளம்புகிறீர்களே, யார் சொல்லிக் கொடுத்தது? பட்டியலைக் கோப்புக்குத் திருப்பிவிட்டால் உங்கள் பிழைச் செய்தியும் பட்டியலோடு பட்டியலாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். திரையில் ஒன்றும் தெரியாது. 0 என்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம். அடுத்த நிரல் அதை நம்பித் தொடரும். செய்தி, பிழைக்கென்றே தனியாக உள்ள ஸ்டாண்டர்ட் எரருக்குப் போகட்டும், முன்னால் நிரலின் பெயரோடு. எந்த ஆர்குமெண்ட் பிடிக்கவில்லை என்பதையும் மேற்கோள் குறிக்குள் அப்படியே காட்டுங்கள்: "பில்: எடை '3.5கி' எண் அல்ல". வெளியேறும்போது 1.

நாலாவது ஃபங்ஷனைத் திருத்தி அனுப்புங்கள், பார்க்கிறேன். அனுப்பும் முன் அதற்கு 3.5, '3.5கி', எழுத்தே இல்லாத வெறும் சரம் மூன்றையும் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

அன்புடன்.