வாசகர் கேள்வி – பதில்: சாளைச் சுவரில் தொங்கும் துப்பாக்கி

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் இரவு பதினொரு மணி தாண்டியும் கைப்பேசியில் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டை விளையாடுகிறான். நிறுத்தச் சொன்னால் கதவை அறைந்து சாத்துகிறான். அமெரிக்கப் பள்ளிகளில் மாணவர்கள் சுட்டுக் கொல்லும் செய்திகளைப் படிக்கும்போது அடிவயிறு கலங்குகிறது. இந்த விளையாட்டு அவனையும் அப்படி ஆக்கிவிடுமா? போன விடுமுறையில் அந்தியூர்ப் பக்கம் அப்பச்சியின், அதாவது என் அப்பாவின், தோட்டத்துக்குப் போனவன், காட்டுப்பன்றிக்காக அவர் வைத்திருக்கும் உரிமத் துப்பாக்கியைத் தோளில் சாய்த்துப் படம் எடுத்து அனுப்பினான். – ஒரு தாய், பெருந்துறை

பதில்: அம்மா, விளையாட்டைப் பற்றிப் பல வரிகள் எழுதிவிட்டு, துப்பாக்கியைக் கடைசியில் ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். அந்த வரிதான் எனக்குக் கவலை தருகிறது. நம் பக்கத்துச் சாளைகளில், அதாவது தோட்டத்து வீடுகளில், நான் பார்த்திருக்கிறேன்: சுவரில் அடித்த முளையில், நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒற்றைக் குழல் துப்பாக்கி தொங்கும், தோட்டாக்கள் அதே அறையில் பழைய பிஸ்கட் டப்பாவில் கிடக்கும். மக்காச்சோளக் காட்டைப் பன்றி ஒரே இரவில் அழித்துவிடும் என்பதால் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துப் பழகியவர்கள் நம் பெரியவர்கள். பதினைந்து வயதுப் பேரன் வந்து தங்கும் வீட்டில் அந்தப் பழக்கம் கூடாது. துப்பாக்கியை ஒரு பெட்டியிலும் தோட்டாக்களை வேறோர் இடத்திலும் பூட்டி, இரண்டு சாவிகளையும் தம் இடுப்பிலேயே வைத்துக்கொள்ளும்படி உங்கள் அப்பாவிடம் இன்றே பேசுங்கள். உரிமம் அவருக்கு மட்டுமே தரப்பட்டது என்பதையும், அதைப் பெறவே 21 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதையும் நினைவூட்டினால் அவர் மறுக்கமாட்டார்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். 1999 ஏப்ரல் 20 அன்று கொலராடோவின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் இரண்டு மாணவர்கள் 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் டூம் என்ற விளையாட்டில் ஊறியவர்கள் என்று தெரிந்ததும் பழி முழுவதும் அதன் மேல் விழுந்தது. அவர்கள் கையில் இருந்த நான்கு துப்பாக்கிகளில் மூன்றை, 18 வயது நிரம்பிய தோழி ஒருத்தி துப்பாக்கிச் சந்தையில் வாங்கிக் கொடுத்திருந்தாள் என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. ஜப்பானிலும் தென் கொரியாவிலும் பிள்ளைகள் இதே வகை விளையாட்டுகளை விடிய விடிய ஆடுகிறார்கள். அங்கே இத்தகைய பள்ளிக் கொலைகள் நடப்பதில்லை. 2018இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, அமெரிக்காவில் 100 பேருக்குப் பொதுமக்களிடம் ஏறத்தாழ 120 துப்பாக்கிகள் இருக்கின்றன. ஜப்பானில் 100 பேருக்கு ஒன்றுகூட இல்லை. பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து அமெரிக்க ரகசியக் காவல் பிரிவு 2019இல் வெளியிட்ட அறிக்கையோ, துப்பாக்கி ஏந்தி வந்த மாணவர்களில் நான்கில் மூன்று பேர் அதைப் பெற்றோர் வீட்டிலிருந்தோ நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்தோ எடுத்திருந்தார்கள் என்கிறது. உங்கள் தந்தையின் சாளையைப் பற்றி முதலில் பேசியதற்குக் காரணம் இதுவே.

விளையாட்டால் பாதிப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். கத்துதல், தள்ளுதல் போன்ற மூர்க்கத்தோடு அதற்குச் சிறிய தொடர்பு இருப்பதாகவும், உயிரைப் பறிக்கும் வன்முறைக்கு அதைக் காரணமாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்றும் அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் அறிவித்தது. உங்கள் மகன் கதவை அறைவதில் பாதி, தூக்கம் கெட்ட எரிச்சலாகவே இருக்கும். ஆட்டத்தின் நடுவே கைப்பேசியைப் பிடுங்காதீர்கள். அந்த ஆட்டம் முடியட்டும், அடுத்தது வேண்டாம் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். ஒன்பதரை மணிக்குக் கைப்பேசி உங்கள் அறைக்கு வந்துவிட வேண்டும். அவன் நண்பர்களை விட்டு ஒதுங்கினாலோ, சாவைப் பற்றியோ யாரையாவது பழிவாங்குவது பற்றியோ பேசினாலோ, அது விளையாட்டைப் பற்றிய பிரச்சினை அன்று; அரசின் மனநல உதவி எண் 14416ஐ உடனே அழையுங்கள்.

கேள்வி: இத்தகைய விளையாட்டுகளை அரசு ஒரேயடியாகத் தடை செய்தால் மாணவர்களிடையே வன்முறை குறையாதா? – ஓர் ஆசிரியர், கோபிசெட்டிபாளையம்

பதில்: 2020 செப்டம்பரில் பப்ஜி தடை செய்யப்பட்டது, அடுத்த ஆண்டே வேறு பெயரில் வந்து சேர்ந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அந்தப் பிள்ளைகளின் மனத்தில் இருந்தது சாதி வெறி. அதைப் பெரியவர்களிடமிருந்து கற்றார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, மாணவர்கள் கையில் கட்டும் சாதிக் கயிறுகள் வரை கவனித்துப் பரிந்துரைகளை எழுதியது. நம் கொங்குப் பள்ளிகளிலும் வண்ணக் கயிறுகளை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் வகுப்பில் எத்தனை கைகளில் அவை இருக்கின்றன, ஐயா?