பூந்திக்கு ஊசி போடலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். உங்கள் தளத்தில் பூனைகளைப் பற்றி நீங்கள் எழுதியவற்றைத் தொடர்ந்து படிப்பவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். சென்ற மழைக்காலத்தில், எங்கள் தெருமுனையில் பூட்டிக் கிடந்த கடையின் ஷட்டர் ஓரம் நனைந்துகொண்டிருந்த ஒரு பூனையை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். எட்டு ஒன்பது மாதம் இருக்கும் என்றார்கள். பூந்தி என்று பெயர் வைத்தோம். ஈறில் புண், விட்டுவிட்டு வரும் காய்ச்சல். என்ன கொடுத்தும் உடம்பு தேறவில்லை. மருத்துவர் ரத்தம் எடுத்து ஒரு சிறிய கிட்டில் சோதித்துவிட்டு, பூனை லுகேமியா வைரஸ் இருக்கிறது, இதற்கு மருந்தில்லை, கஷ்டப்படுத்தாமல் உயிரை முடிக்கும் ஊசியைப் போட்டுவிடுவதே நல்லது என்றார். என் நாத்தனாரோ, "தெருவிலிருந்து வந்ததுதானே, மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிடு, அதன் பாட்டைப் பார்த்துக்கொள்ளும்" என்கிறார். வீட்டில் ஆறு வயதுப் பெண்பூனை ஒன்றும் இருக்கிறது. விவரம் தெரியும்வரை இரண்டும் ஒரே தட்டில்தான் சாப்பிட்டன. இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளும் இருக்கிறாள். காய்ச்சல் இல்லாத நாட்களில் பூந்தி வீடு முழுக்க ஓடி விளையாடுகிறது. அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறேன். இதை வைத்துக்கொள்வது பூனைக்காகவா, என் மனத் திருப்திக்காகவா என்று எனக்கே விளங்கவில்லை. தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

எஸ்.,
தஞ்சாவூர்

அன்புள்ள எஸ்.,

ஊசி இப்போது வேண்டாம் என்பதே என் கருத்து. நான் கால்நடை மருத்துவன் அல்லன்; இதே நோயோடு ஒரு பூனையை வளர்த்தவன், அதன் பொருட்டு மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் கொஞ்சம் தெரிந்துகொண்டவன் என்ற அளவிலேயே இதைச் சொல்கிறேன். உங்கள் மருத்துவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இந்த வைரஸை உடம்பிலிருந்து ஒழிக்கும் மருந்து இல்லை என்பதும் உண்மைதான். ஆனால் மருந்தில்லை என்பதிலிருந்து இனி வாழ்வில்லை என்ற முடிவுக்கு ஒரே எட்டில் போய்விட முடியாது. பூனை மருத்துவர்களுக்கென்றே உள்ள அமெரிக்கச் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தொற்று இருக்கிறது என்ற ஒன்றை மட்டும் காரணமாக வைத்து ஒரு பூனையின் உயிரை முடிக்கத் தீர்மானிக்கக் கூடாது என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள்.

அந்தச் சிறிய கிட், வைரஸின் பி27 என்ற புரதம் ரத்தத்தில் இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது. பூந்தியின் அறிகுறிகளோடு சேர்த்துப் பார்த்தால் முடிவு சரியாகவே இருக்கக்கூடும்; வீண் நம்பிக்கை தர நான் விரும்பவில்லை. ஆனால் வைரஸ் நுழைந்த எல்லாப் பூனைகளின் கதையும் ஒரே மாதிரி முடிவதில்லை. சில பூனைகளின் உடம்பு, தொற்று ஏற்பட்ட சில வாரங்களிலோ மாதங்களிலோ வைரஸை அடக்கிவிடுகிறது. அப்போது வைரஸின் மரபுப்பொருள் எலும்பு மஜ்ஜை செல்களுக்குள் ஒட்டிக்கொண்டு கிடந்தாலும், புதிய வைரஸ் உற்பத்தியாகி ரத்தத்திலும் எச்சிலிலும் கலப்பது நின்றுபோகிறது. இத்தகைய பூனைகளில் பல சாதாரண ஆயுளை வாழ்ந்துவிடுகின்றன. மற்றவற்றில் வைரஸ் அடங்காமல் பெருகிக்கொண்டே இருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை நோய் கண்டறியப்பட்ட மூன்று ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகின்றன. பூந்தி இதில் எந்தப் பக்கம் என்பதை ஒரே ஒரு சோதனை சொல்லாது. வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் பிசிஆர் சோதனைக்கு ரத்த மாதிரியை அனுப்ப முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். முடியாவிட்டாலும், இரண்டு மாதம் கழித்து அதே கிட் சோதனையை மறுபடி செய்யச் சொல்லுங்கள். பூந்திக்கு இது தாயிடமிருந்தே வந்திருக்கலாம், சில வாரங்களுக்கு முன் ஏதோ ஒரு பூனையின் எச்சிலிலிருந்தும் வந்திருக்கலாம் என்பதால், இந்தக் காத்திருப்பு அவசியமானது.

1964இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஜாரெட்டும் அவருடைய குழுவினரும் இந்த வைரஸைக் கண்டுபிடித்தார்கள். ஒரே வீட்டில் வளர்ந்த பல பூனைகளுக்கு நிணநீர்ப் புற்றுநோய் வந்ததுதான் அவர்களுடைய சந்தேகத்தின் தொடக்கம். புற்றுநோய் தொற்றுமா என்று உலகமே ஐயப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. பெயர் அந்த வழியில் வந்துவிட்டதால், வீட்டில் எல்லோரும் பூந்திக்கு ரத்தப் புற்றுநோய் என்று எண்ணிக்கொண்டிருப்பீர்கள். நீங்கள் எழுதியிருப்பவற்றில் அப்படிச் சொல்ல எதுவுமில்லை. இந்த வைரஸ் செய்யும் பெரிய கேடு, உடம்பின் எதிர்ப்பாற்றலைக் குலைத்துவிட்டு, பூட்டில்லாத வீட்டுக்குள் நுழைவதுபோல மற்றக் கிருமிகளை நுழைய விடுவதும், மஜ்ஜையைத் தாக்கி ரத்தசோகையை உண்டாக்குவதும்தான். பூந்தியின் ஈறுப்புண்ணுக்கும் காய்ச்சலுக்கும் இப்படி நுழைந்த பாக்டீரியாக்கள் காரணமாக இருந்தால், அவற்றுக்கு மருந்து உண்டு. ஆகவே மருத்துவரிடம் லுகேமியாவுக்கு என்ன மருந்து என்று கேட்காமல், இந்தக் காய்ச்சல் எதனால், இந்த ஈறுப்புண் எதனால் என்று கேளுங்கள். ரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டிக்கொள்ளும் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அது பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்துக்குக் கட்டுப்படும். ஒன்று மட்டும் கவனம்: அந்த மாத்திரையைப் பூனைக்கு வெறுமனே விழுங்கக் கொடுக்கக் கூடாது. அது உணவுக்குழாயில் தங்கினால் குழாயே புண்ணாகிச் சுருங்கிப்போகும். மாத்திரை உள்ளே போனவுடன் ஊசியில்லாத சிரிஞ்சில் ஐந்து மில்லி தண்ணீரைக் கடைவாய் வழியாகச் சிறிது சிறிதாகச் செலுத்துங்கள், அல்லது உடனே ஒரு வாய் உணவு கொடுங்கள்.

இனி உங்கள் வேலை பெரும்பாலும் கவனிப்பதுதான். பூனை தன் நோயை மறைக்கும் பிராணி. அது சோர்ந்து படுப்பதை நாம் பார்க்கும்போது நோய் பாதி தூரம் போயிருக்கும். நான் தினமும் காலையில் செய்தது இது: பூனை மடியில் இருக்கும்போது கட்டைவிரலால் மேலுதட்டை லேசாகத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே உள்ள ஈறைப் பார்ப்பேன். இளஞ்சிவப்பாக இருந்தால் சரி. வெளுத்து, சுண்ணாம்பு பூசியதுபோல இருந்தால் ரத்தம் குறைகிறது என்று பொருள், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். அசந்து தூங்கும்போது விலாவின் ஏற்ற இறக்கத்தை எண்ணுங்கள். நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டிக்கொண்டே இருந்தால் அதுவும் காத்திருக்கக் கூடாத விஷயம், ஏனெனில் இந்த வைரஸ் இளம்பூனைகளின் மார்புக்குள் கட்டியை வளர்ப்பதுண்டு. வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பாருங்கள். இரண்டரைக் கிலோ பூனைக்கு நூறு கிராம் குறைவதென்பது அறுபது கிலோ மனிதருக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ குறைவதற்குச் சமம், ஆனால் கையால் தூக்கிப் பார்த்தால் தெரியவே தெரியாது. ஒரு முழுநாள் எதையும் சாப்பிடவில்லையென்றால் நாளைக்குச் சாப்பிடும் என்று விட்டுவிடாதீர்கள். சில நாட்கள் பட்டினி கிடந்தாலே பூனைக்குக் கல்லீரல் கெட்டுப்போகும்.

காய்ச்சலுக்கு வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். குழந்தைக்குக் கொடுப்பதுதானே என்று அரை மாத்திரை கொடுத்துப் பூனையைப் பறிகொடுத்தவர்கள் உண்டு. அந்த மருந்தைச் செரித்து வெளியேற்றும் வசதி பூனையின் கல்லீரலுக்கு இல்லை.

உணவில் நம் வீடுகளின் வழக்கம் பூனைக்கு ஒத்துவருவதில்லை. பாலும் தயிர்சாதமும் வயிற்றை நிரப்பும், ஆனால் பூனைக்கு இன்றியமையாத டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. வேகவைத்த கோழி, முள்ளெடுத்த மீன், கடையில் கிடைக்கும் பூனை உணவு ஆகியவை போதும். பச்சை மீனும் பச்சை இறைச்சியும் ஆரோக்கியமான பூனைக்கே சர்ச்சைக்குரியவை. எதிர்ப்பாற்றல் குறைந்த பூனைக்குக் கூடவே கூடாது. குழம்பிலிருந்து எடுத்த துண்டைக் கழுவிக் கொடுப்பதும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும், ரத்தசோகைக்கு ஆளாகக்கூடிய பூந்திக்கு அது இரட்டை ஆபத்து. எதிர்ப்பாற்றலைக் கூட்டும் என்று விற்கப்படும் சொட்டுமருந்துகளுக்கும் பொடிகளுக்கும் பணத்தைச் செலவழிப்பதைவிட, ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழு ரத்தப் பரிசோதனை செய்வது மேல்.

உங்கள் நாத்தனார் சொன்னதை நான் கடுமையாகவே மறுக்க வேண்டியிருக்கிறது. மீன் மார்க்கெட் என்பது ஆளற்ற இடமன்று. அங்கே ஏற்கெனவே பூனைகள் இருக்கின்றன, சினைப்பூனைகளும் குட்டிகளும் இருக்கின்றன. ஒன்றையொன்று நக்குவதாலும், ஒரே இடத்தில் தின்பதாலும், சண்டைக் கடியாலும் பரவும் இந்த வைரஸுக்கு எளிதில் இரையாவது குட்டிகள்தான். ஸ்பெயினின் டொன்யானா பகுதியில், அன்று உலகிலேயே மிக அருகிப்போயிருந்த ஐபீரிய லின்க்ஸ் காட்டுப்பூனைகளுக்குள் 2007இல் இதே வைரஸ் பரவிச் சில இறந்தன. வீட்டுப்பூனைகளிடமிருந்து அது காட்டுக்குள் போயிருக்க வேண்டும் என்றே ஆராய்ந்தவர்கள் முடிவுக்கு வந்தார்கள். பூந்தியை வெளியே விடுவது அதன் பாட்டை அது பார்த்துக்கொள்ள விடுவதாகாது. பூந்தி ஏதோ ஒரு வண்டிக்கடியில் காய்ச்சலோடு கிடந்து சாகும், அதற்குமுன் வேறு சிலவற்றுக்கும் நோயைக் கொடுத்திருக்கும். உடம்பு சற்றுத் தேறியதும், மருத்துவர் சம்மதித்தால், கருத்தடை அறுவை செய்துவிடுங்கள். அதன்பின் வெளியே போகும் தவிப்பு பெருமளவு குறையும். மாடிக் கதவுக்கும் ஜன்னலுக்கும் வலை அடித்துவிட்டால் மிச்சமும் தீர்ந்தது.

மூத்த பூனையைப் பொறுத்தவரை நீங்கள் அஞ்சும் அளவுக்கு நிலைமை மோசமாக இல்லாமலிருக்கலாம். வயது வந்த பூனைகளுக்கு இந்த வைரஸிடம் ஓரளவு இயற்கையான எதிர்ப்பு உண்டு, அது முழுப் பாதுகாப்பன்று என்றாலும். இரண்டையும் இன்றே தனித்தனி அறையில் வைத்து, தட்டு, தண்ணீர்க் கிண்ணம், மணல் தட்டு எல்லாவற்றையும் பிரித்துவிடுங்கள். வீட்டையே கழுவிக் கொட்ட வேண்டியதில்லை. பூனையின் உடம்புக்கு வெளியே இந்த வைரஸ் நெடுநேரம் தாக்குப்பிடிக்காது, சாதாரண சோப்பே அதைக் கொன்றுவிடும். மூத்த பூனைக்கு இப்போது ஒரு சோதனையும், பிரித்து ஒரு மாதத்துக்குக் குறையாமல் இடைவெளி விட்டு இன்னொரு சோதனையும் செய்யுங்கள். அது தப்பியிருந்தால் தடுப்பூசி உதவும். லுகேமியா வைரஸுக்குத் தடுப்பூசி 1985 முதலே இருக்கிறது, ஆனால் நம் ஊரில் வழக்கமாகப் போடும் மூன்று நோய்களுக்கான தடுப்பூசியில் அது சேராது. தனியாகக் கேட்டு, வரவழைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். ஏற்கெனவே தொற்றுள்ள பூந்திக்கு அதனால் பயனில்லை.

மகளைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்த வைரஸ் மனிதருக்கு நோய் உண்டாக்கியதற்கு இத்தனை ஆண்டு ஆராய்ச்சியில் சான்று இல்லை. ஆனால் தெருவிலிருந்து வந்த எந்தப் பூனையையும் போலவே பூந்திக்கும் ரேபிஸ் தடுப்பூசி போட்டாக வேண்டும். எப்போது போடலாம் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். அது கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்பால் கால்மணி நேரம் கழுவிவிட்டு மருத்துவமனைக்கும் போக வேண்டும்.

பூனைக்காகவா எனக்காகவா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்காகவும்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது என் எண்ணம். ஆனால் அந்தக் கேள்வியை இப்போது கேட்பதைவிட, அதற்குரிய காலத்தில் கேட்பதற்காக எடுத்து வையுங்கள். சாப்பிடுகிறது, தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்கிறது, மணல் தட்டுக்குத் தானே நடந்துபோகிறது, ஆள் வந்தால் தலையைத் தூக்கிப் பார்க்கிறது என்ற நிலையில் உள்ள பூனையை வைத்திருப்பது கொடுமையாகாது. இவை ஒவ்வொன்றாக நின்று, மருந்து கொடுத்தும் திரும்பி வராமல், நல்ல நாட்களைவிடக் கெட்ட நாட்கள் கூடிவிட்டால், அப்போது வைத்திருப்பது நமக்காகத்தான் என்று நான் ஒப்புக்கொள்வேன். ரத்தம் ஏற்றுவதிலும் இதே கணக்குத்தான். குணப்படுத்தக்கூடிய கிருமியால் ரத்தம் குறைந்திருந்தால், மருந்து வேலை செய்ய அவகாசம் கிடைக்கும் என்பதற்காக ஒருமுறை ஏற்றிப் பார்க்கலாம்; மஜ்ஜையே ரத்தம் உற்பத்தி செய்வதை நிறுத்திவிட்டது என்று தெரிந்தபின், சில வாரங்களுக்கு ஒருமுறை பயந்து நடுங்கும் பூனையைக் கூடையில் அடைத்து எடுத்துப்போவதை நான் செய்யமாட்டேன். அந்தக் கட்டத்தில் உங்கள் மருத்துவர் இன்று சொல்லும் யோசனையை நானே சொல்வேன். முதலில் நன்றாக மயக்கமூட்டிவிட்டு அதன்பிறகு போடச் சொல்லிக் கேளுங்கள் என்பதையும் சேர்த்து.

இந்த வாரம் அது பேச்சே இல்லை. ஈறுப்புண்ணுக்கு மருந்து தொடங்குவதும் மூத்த பூனையின் ரத்தத்தைச் சோதிப்பதும்தான் அவசரம். முடிவு வந்ததும் எழுதுங்கள்.