டயலக்ஸில் 500 லக்ஸ் வந்தால் இடத்திலும் 500 வருமா?

டயலக்ஸ் என்னும் விளக்கு அமைப்புக்கான மென்பொருள் வெளிச்சத்தை (அதன் அளவுதான் லக்ஸ்) எப்படிக் கணக்கிடுகிறது, அதை நம்பி எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் யாருக்கோ கொட்டேஷன் போடப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். கணக்கு சரிதான். நாம் உள்ளே கொடுக்கும் விவரம்தான் ஆளைக் கவிழ்க்கும்.

விளக்குக் கம்பெனி தரும் ஐஇஎஸ் கோப்பில், எந்தக் கோணத்தில் எத்தனை கேண்டெலா, அதாவது அந்தத் திசையில் ஒளி எவ்வளவு வலுவாகப் போகிறது, என்று இருக்கும். மென்பொருள் வேலை செய்யும் உயரத்தில் புள்ளிகளைப் பரப்பி, ஒவ்வொரு புள்ளிக்கும் அந்தக் கேண்டெலாவைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுக்கும். ஒளி சாய்ந்து விழுந்தால் அதற்கேற்பக் குறைக்கும். நேர் கீழே 900 கேண்டெலா என்றால் 3 மீட்டரில் 100 லக்ஸ், 6 மீட்டரில் 25தான். அப்புறம் சுவர், கூரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம். அவற்றைச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு போகிறது என்று பார்ப்பது ஒரு முறை. ரேடியாசிட்டி என்பது இதுதான். நாம் மாற்றாவிட்டால் கூரை 70, சுவர் 50, தரை 20 சதவீதம் திருப்பும் என்று வைத்துக்கொள்ளும்.

அந்த 70இல்தான் நான் மாட்டினேன். எங்கள் ஊர் நகரி, ஆந்திராவில் தமிழ்நாட்டு எல்லையோரம். இங்கே ஒரு விசைத்தறி செட்டுக்கு 500 லக்ஸ் என்று அச்செடுத்துக் கொடுத்தேன். பராமரிப்புக் காரணி 0.8. அதாவது தூசி படிந்த பிறகும் 500 நிற்க வேண்டும், புதிதில் 600ஐத் தாண்ட வேண்டும். மாட்டிய அன்றே மீட்டர் 400தான் காட்டியது. நான்கு மாதத்தில் 290. கூரை புகை பிடித்த ஆஸ்பெஸ்டாஸ், சுவர் பூசாத செங்கல், விளக்கின் மேல் விரலால் கோடு போடும் அளவுக்குப் பஞ்சு. தறியில் நீளவாட்டில் ஓடும் அரக்கு நிறப் பாவில் இழை அறுந்தால், அங்கே வேலை செய்யும் அக்கா கைபேசி டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு முனையைத் தேடினார். அதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கூரைக்கு 20, சுவருக்கு 25 கொடுத்து, தறிகளையும் பெட்டிகளாக வரைந்து, காரணியை 0.7 ஆக்கி ஓட்டினேன். 310 வந்தது. மென்பொருளைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். அது என்னிடம் கேட்டது, நான்தான் பதில் சொல்லவில்லை.

கூடுதல் விளக்கு வாங்கத் திருத்தணி போனேன். "ஆந்திரா பார்ட்டியா, முழுப் பணமும் கட்டுங்க" என்றார் கடைக்காரர். 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனது, நாங்கள் இந்தப் பக்கம் நின்றோம். வீட்டில் பேசுவது தமிழ்தான். இங்கே அலுவலகத்துக்குப் போனால் "அரவம்" (தெலுங்கில் தமிழைச் சொல்லும் பெயர்) என்கிறார்கள், அங்கே போனால் ஆந்திரா. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் அன்றைக்கு அது ரொம்ப வலித்தது.

முதலாளியிடம் தப்பை ஒப்புக்கொண்டு, ஆறு விளக்கை என் காசில் மாட்டினேன். கூரைக்கு உள்பக்கம் வெள்ளை அடிக்க அவர் சம்மதித்தார். மாதம் ஒருமுறை விளக்கைத் துடைக்கிறார்கள். போன வாரம் அந்த அக்காவின் தறி மேல் மீட்டரை வைத்தேன், 480.