நடவு வயலும் முழங்கால் வலியும்

கேள்வி: முப்பது ஆண்டுகளாக நடவுக்குப் போகிறேன். மூட்டு தேய்ந்துவிட்டது என்கிறார் டாக்டர். அக்குபஞ்சர் ஊசி குத்திக்கொண்டால் வலி போகுமா?
– ஒரு வாசகி, மன்னார்குடி.

பதில்: அம்மா, குறுவை நடவு முடிந்தால் என் தாயும் இப்படித்தான் திண்ணையில் காலை நீட்டி விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார். அதனால் மறைக்காமல் சொல்கிறேன்: தேய்ந்த குருத்தெலும்பை எந்த ஊசியும் வளர்க்காது. முடி போன்ற அந்த ஊசி நரம்பைத் தூண்டும்போது, எண்டார்பின் என்ற இயற்கை வலிநிவாரணி உடலில் சுரக்கிறது. சிலருக்கு வலி கொஞ்ச காலம் தணிகிறது. எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2021இல், காரணம் தெளிவாகப் புலப்படாத நாள்பட்ட வலிக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்றது. மூட்டுத் தேய்மானத்துக்கு வேண்டாம் என்று 2022இல் சொல்லிவிட்டது. உங்களுடையது இரண்டாவது வகை.

நடவுக் கூலியை அதில் கரைக்காதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிப் பத்து எண்ணுங்கள். காலையும் மாலையும் செய்யுங்கள். தொடைத்தசை வலுத்தால் மூட்டின் சுமை குறையும். அப்படியும் ஊசிக்குப் போவதானால், உறை பிரிக்காத புது ஊசிதானா என்று பாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். மூட்டு வீங்கிச் சுட்டால் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், அம்மா.