திரையே காட்டாமல் குழந்தையை வளர்க்க நினைப்பது சரியா?

கேள்வி: எனக்கு 26 வயது, கருவுற்று ஐந்து மாதம் ஆகிறது. குழந்தை பள்ளிக்குப் போகும் வரை டேப்லெட், கைப்பேசி, தொலைக்காட்சி எதையும் காட்டுவதில்லை என்று நானும் கணவரும் முடிவு செய்திருக்கிறோம். எங்கள் வயதுத் தோழிகளில் சிலர் இதுதான் சரி என்கிறார்கள். சிலர், ‘நாமெல்லாம் டிவி பார்த்துத்தானே வளர்ந்தோம், என்ன கெட்டுப்போனோம்?’ என்கிறார்கள். ஏற்கெனவே குழந்தை பெற்ற ஒருத்தி, ‘பெற்றுப் பார், பிறகு பேசு’ என்று சிரிக்கிறாள். மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் டேப்லெட் பழகியிருக்கும்போது எங்கள் குழந்தை மட்டும் பின்தங்கிவிடுமே என்று மாமியார் கவலைப்படுகிறார். தொலைவில் இருக்கும் என் பெற்றோருடன் வீடியோ காலில் பேசுவதும் கூடாதா?

பதில்: முதல் இரண்டு ஆண்டுகளைப் பொறுத்தவரை உங்கள் முடிவும் மருத்துவ அறிவுரையும் ஒன்றேதான். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரண்டு வயது நிறையாத குழந்தைகளை உட்கார வைத்துத் திரை காட்டுவது பரிந்துரைக்கப்படவில்லை; 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு அதிகபட்சம் 1 மணி நேரம், அதுவும் குறையக் குறைய நல்லது. ஆகவே இரண்டு வயதுக்குப் பிறகு முழுமையான தடை கட்டாயமில்லை. நீங்கள் அதைத் தொடர விரும்பினால் குழந்தைக்கு அதனால் ஓர் இழப்பும் இல்லை. ஆனால் திரையை எடுத்துவிட்டோம் என்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அந்த நேரம் எதனால் நிரம்புகிறது என்பதே குழந்தையின் வளர்ச்சியைத் தீர்மானிக்கிறது.

மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க ஆய்வாளர் பாட்ரிசியா கூலும் அவருடைய குழுவினரும் 2003-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஆங்கிலம் பேசும் குடும்பங்களைச் சேர்ந்த 9 மாதக் குழந்தைகளுடன் சீன மொழி பேசும் பெரியவர்கள் நேரில் அமர்ந்து, 12 அமர்வுகளில் புத்தகம் காட்டிப் பேசி விளையாடினார்கள். அந்தக் குழந்தைகள் சீன மொழிக்கே உரிய ஒலி வேறுபாடுகளை இனம்காணக் கற்றுக்கொண்டன. அதே ஆட்கள் அதே விதமாகப் பேசியதைத் திரையில் பார்த்த குழந்தைகளோ எதையும் கற்றுக்கொள்ளவில்லை. குழந்தை ஓர் ஒலியை எழுப்பும்போது எதிரில் இருப்பவர் திரும்பிப் பார்க்கிறார், பதில் சொல்கிறார், அதன் கண் போன திசையில் தம் கண்ணையும் செலுத்துகிறார்; இந்தக் கொடுக்கல் வாங்கலின் வழியாகத்தான் சொற்கள் உள்ளே இறங்குகின்றன. பதிவு செய்யப்பட்ட காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் குழந்தைக்காக ஒரு கணம்கூட நின்று காத்திருப்பதில்லை.

இதை என் பரிசோதனை அறையிலேயே பார்க்கிறேன். ஒரு வயதுக் குழந்தையின் காதைப் பார்ப்பதற்காக டார்ச்சை எடுத்தால், அது முதலில் டார்ச்சைப் பார்க்கும். உடனே தலையைத் திருப்பித் தாயின் முகத்தைப் பார்க்கும். ‘இதற்குப் பயப்பட வேண்டுமா?’ என்ற கேள்வி அந்தப் பார்வையில் இருக்கிறது. தாய் சிரித்துத் தலையசைத்தால் டார்ச்சைப் பிடிக்கக் கை நீளும். அறிமுகமில்லாத ஒன்றை நம்பிக்கைக்குரியவரின் முகத்தை வைத்து எடைபோடும் இந்தத் திறன், இந்த வயதில் கற்க வேண்டிய பெரிய பாடங்களில் ஒன்று. அந்த நேரம் பார்த்து அப்பா கைப்பேசியை நீட்டி ஒரு பாட்டை ஓடவிட்டால் பரிசோதனை சுலபமாக முடிந்துவிடும், எனக்கும் அது வசதிதான்; ஆனால் தாயின் முகத்தை நோக்கி அந்தத் தலை திரும்புவதில்லை.

இதே காரணத்தால்தான் வீடியோ காலுக்கு விலக்கு உண்டு. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவ அகாதெமி 2016-இல் 18 மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரையைத் தவிர்க்கச் சொன்னபோதும், வீடியோ காலை அதில் சேர்க்கவில்லை. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகள் நேரில் கற்றதைப் போலவே வீடியோ காலிலும் புதிய வினைச்சொற்களைக் கற்றன. முன்பே பதிவு செய்த காட்சியிலிருந்து கற்கவில்லை. எனவே உங்கள் பெற்றோர் தாராளமாகப் பேசலாம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நீங்களும் உடன் இருங்கள். பாட்டி கேட்பதைக் குழந்தைக்கு எடுத்துச் சொல்லுங்கள். அதன் கவனம் விலகியதும் அழைப்பை முடித்துவிடுங்கள்.

‘டிவி பார்த்துத்தானே வளர்ந்தோம்’ என்ற வாதத்துக்கு வருகிறேன். ஐபேட் 2010-இல் விற்பனைக்கு வந்தபோது உங்கள் வயதினர் ஏற்கெனவே பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஓடியாடி, சண்டையிட்டு, கேட்டதையே நூறு முறை கேட்டுப் பேசக் கற்றுக்கொண்ட காலத்தை அவர்கள் கடந்திருந்தார்கள். அவர்கள் பார்த்த தொலைக்காட்சியும் வேறு விதமானது. அது கூடத்தில் ஓரிடத்தில் இருந்தது, பலர் சேர்ந்து பார்த்தார்கள், நிகழ்ச்சி முடிந்தால் முடிந்ததுதான். இன்றைய திரை குழந்தையின் கையிலேயே இருக்கிறது, ஒன்று முடியும் முன்பே அடுத்ததைத் தானாகத் தொடங்குகிறது, தொட்டில்வரை கூடவே வருகிறது. உங்கள் தோழி சொல்வது அவருடைய அனுபவத்தில் உண்மையாகவே இருக்கலாம். அந்த அனுபவத்தை இன்றைய கைக்குழந்தைக்குப் பொருத்த முடியாது என்பதுதான் சிக்கல். அதற்காகப் பழைய தொலைக்காட்சிக்கு நான் நற்சான்று கொடுப்பதாகவும் எண்ண வேண்டாம். சின்னஞ்சிறு குழந்தைகளின் உடையில் ஒலிப்பதிவுக் கருவி பொருத்தி அமெரிக்காவில் செய்யப்பட்டு 2009-இல் வெளியான ஆய்வில், வீட்டில் தொலைக்காட்சி ஒலித்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும், குழந்தை பெரியவர்களிடமிருந்து கேட்ட சொற்கள் சுமார் 770 குறைந்தன. யாரும் பார்க்காமல் சும்மா ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சியும் உங்கள் தடைப் பட்டியலில் இடம்பெற வேண்டும்.

பின்தங்கிவிடும் என்ற மாமியாரின் கவலைக்கு அதிக விளக்கம் தேவையில்லை. தொடுதிரை யாரும் சொல்லித்தராமலே பழகும்படி உருவாக்கப்பட்டது. ஐந்து வயதில் முதன்முறை தொடும் குழந்தையும் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளும். வாக்கியம் அமைத்துப் பேசுவதையும், தன் முறை வரும் வரை பொறுத்திருப்பதையும், விரல்களால் பொத்தான் போடுவதையும் அப்படி ஒரு மணி நேரத்தில் கற்க முடியாது.

‘பெற்றுப் பார்’ என்று சிரித்த தோழியை மட்டும் நீங்கள் அலட்சியம் செய்யக் கூடாது என்பது என் கருத்து. குழந்தை பிறக்கும் முன் எடுக்கும் உறுதிமொழிகள் பெரும்பாலும் குழந்தையைப் பற்றியே பேசுகின்றன. பெற்றோரின் தூக்கமின்மையையும், தனிமையையும், அவர்கள் கையிலேயே இருக்கும் கைப்பேசியையும் கணக்கில் எடுப்பதில்லை. இரவு மூன்று மணிக்குப் பாலூட்டும்போது கைப்பேசியைப் பார்ப்பது தாய்க்கு விழித்திருக்க உதவும் என்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பகலில் குழந்தை விழித்து முகம் பார்க்கும் நேரங்களில் உங்கள் கண் திரையில் இருந்தால், குழந்தைக்குத் திரை காட்டாவிட்டாலும் நான் மேலே சொன்ன கொடுக்கல் வாங்கல் அறுபடத்தான் செய்யும். எனவே தடையைக் குழந்தையிடமிருந்து தொடங்காமல் உங்கள் இருவரிடமிருந்து தொடங்குங்கள். பாலூட்டி முடித்த பிறகான விளையாட்டு நேரம், குளிப்பாட்டும் நேரம், தூங்க வைக்கும் நேரம் ஆகியவற்றில் இருவரின் கைப்பேசிகளும் வேறு அறையில் இருக்கட்டும். பிரசவத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது, இப்போதே பழகத் தொடங்கலாம்.

நேரக் கணக்கைவிட இரண்டு சூழ்நிலைகளில் நான் கண்டிப்பாக இருப்பேன். முதலாவது, திரையைக் காட்டி உணவூட்டுவது. கண் திரையிலேயே நிலைத்திருக்க, வாய் மட்டும் தானாகத் திறந்து மூடும் குழந்தையைப் பார்த்திருப்பீர்கள். வயிறு நிறைந்ததும் முகத்தைத் திருப்பவோ உதட்டை மூடவோ அதற்கு நினைவு வருவதில்லை. பசியையும் நிறைவையும் உணர்ந்து நிறுத்தும் பழக்கம் அங்கேயே தடைபடுகிறது. இரண்டாவது, அழுகையை அடக்கத் திரையைக் கொடுப்பது. 3 முதல் 5 வயதுக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், அமைதிப்படுத்துவதற்காக அடிக்கடி கைப்பேசி கொடுக்கப்பட்ட குழந்தைகளிடம், முக்கியமாக ஆண் குழந்தைகளிடம், சட்டென்று பொங்கும் குணம் சில மாதங்களில் கூடியிருந்தது. கோபம் வந்து, உச்சத்துக்குப் போய், மெல்லத் தணியும் அந்தப் பாதையைக் குழந்தை பெரியவரின் மடியில் பலமுறை கடந்தால்தான் பிறகு தனியாகக் கடக்க முடியும்.

தூக்கத்தையும் கண்ணையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். படுக்கும் நேரத்தை ஒட்டிக் கண்ணில் படும் வெளிச்சம், தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் என்ற இயக்குநீரின் சுரப்பைக் குறைக்கிறது, இது சிறு குழந்தைகளை அதிகம் பாதிக்கிறது. எனவே எந்த வயதிலும் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு திரை வேண்டாம். கிட்டப்பார்வையைத் தள்ளிப்போடுவதில் பகல் வெளிச்சத்தில் வெளியே இருப்பதற்குப் பங்கு உண்டு என்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி. ஆகவே வெயில் தணிந்த வேளையில் குழந்தையைத் தினமும் வெளியே அழைத்துச் செல்லுங்கள்.

உறுதிமொழி என்றாவது உடையத்தான் செய்யும். உங்களுக்குக் காய்ச்சல் வந்து எழுந்திருக்க முடியாத ஒரு நாளில் இரண்டரை வயதுக் குழந்தை அரை மணி நேரம் ஏதாவது பார்த்துவிட்டால் அதன் மூளைக்கு ஒன்றும் ஆகிவிடாது. குற்ற உணர்ச்சியில் தவித்து, பிறகு ‘எல்லாம் போயிற்று’ என்று மொத்தமாகக் கைவிடும் பெற்றோரைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். இரண்டு வயதுக்குப் பிறகு காட்டுவதாக இருந்தால், மெதுவாக நகரும், முடிவு உள்ள ஒரு கதையாகத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே பாருங்கள். தானாக அடுத்ததைத் தொடங்கும் வசதியை நிறுத்திவையுங்கள். படுக்கையறையில் கருவி வேண்டாம்.

கடைசியாக, திரை காட்டாத பெற்றோருக்கு மட்டுமே வரும் ஓர் ஆபத்து உண்டு. பேச்சு தாமதமானால், ‘நாங்கள்தான் எதையும் காட்டவில்லையே, தானாகப் பேசிவிடும்’ என்று காத்திருந்துவிடுகிறார்கள். திரை ஆட்டிசத்தை உண்டாக்குகிறது என்று நிறுவப்படவில்லை. திரையே பார்க்காத குழந்தைக்கும் ஆட்டிசம் இருக்கலாம், காது கேட்பதில் குறை இருக்கலாம். ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாவிட்டாலோ, ஒன்றரை வயதில் வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டாவிட்டாலோ, இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாவிட்டாலோ, கற்ற சொற்களை எந்த வயதிலாவது இழந்தாலோ, உடனே குழந்தைநல மருத்துவரிடம் காட்டி, செவித்திறன் பரிசோதனையையும் வளர்ச்சி மதிப்பீட்டையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.